தத்துவம் படிக்கக் கிடைத்த இடம்

தம்பி வெளிநாட்டில் தத்துவ மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடத் தொடங்கி அது மூன்றாவது வருடம். மற்ற வீடுகளில் வருடத்தை மழை, வெயில், குளிர் என்று பிரித்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் இரண்டே காலம்தான். விண்ணப்பம் போடும் காலம், பதிலுக்குக் காத்திருக்கும் காலம். முதல் காலத்தில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. இரண்டாவதில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. சட்டம் போட்டவள் அக்கா. மீறினால் அவள் முறைக்கிற முறைப்பில் அவள் கணவரே குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பெரிய பயிற்சிப் பள்ளி ஒன்றில் சம்பளத்துக்கு இருந்தாள். பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமே, அதை அவசரப்பட்டு மிதிக்காதவள் என்று பெயர் வாங்கியவள். "எதிர்ல லாரியே வந்தாலும் டீச்சர் அமைதியா, 'லாரி வருது, பாத்தீங்களா?'ன்னுதான் கேப்பாங்க" என்று அவளிடம் கற்றவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கென்று ஓர் ஆசையும் இருந்தது. பழைய கார் ஒன்றை வாங்கி, இரண்டு பக்கமும் பிரேக் வைத்து, சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்க வேண்டும். டயர் கடைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தைக்கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

வீடு மாடியில். இரண்டு அறை, ஒரு கூடம். அக்கா, அவள் கணவர், அம்மா, தம்பி என்று நாலு பேர். கணவர் பெயின்ட் கடையில் நிறம் கலக்கிறவர். அவர் நகக்கண்ணில் எப்போதும் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரின் நிறம் ஒட்டியிருக்கும். அம்மா தையல் வேலையை விட்டுவிட்டு முழங்கால் வலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வாய் திறந்த நாளிலிருந்து ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் தம்பிக்கு அவள் வைத்த பெயர் 'கேள்வி'. "கேள்வி சாப்பிட்டாச்சா? கேள்விக்குத் துணி துவைச்சாச்சா?" என்று அவள் வீட்டுக்குள் கேட்கும்போது புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

தம்பி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புகார்ப் பிரிவில் அரை நாள் வேலை பார்த்தான். பில்லில் தப்பு, நர்ஸ் அதட்டினாள், டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, பதில் வாங்கிக் கொடுக்கிற வேலை. மீதி நேரமெல்லாம் சாப்பாட்டு மேசையில். அந்த மேசை அவனுடைய புத்தகங்களுக்கும் தாள்களுக்கும் போய்விட்டதால் மற்ற மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகியிருந்தார்கள்.

விண்ணப்பம் போடுவது என்றால் ஒரு தாளை நிரப்பி அனுப்புவது என்றுதான் அக்கா முதலில் நினைத்திருந்தாள். பிறகுதான் தெரிந்தது, அது ஒரு கல்யாணம் நடத்துகிற மாதிரி. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் கட்டணம், கட்டினால் கட்டினதுதான். "வேணாம்னு சொல்றதுக்கும் அவங்களுக்கு நாமதான் காசு குடுக்கணுமா?" என்று அவள் கேட்டது முதல் வருடத்தில். மொழித் தேர்வு எழுதினால் அந்த மதிப்பெண்ணுக்கு இரண்டு வருடம்தான் ஆயுசு. "அதுக்கப்புறம் நீ பேச மறந்துடுவியாடா?" என்றாள். மதிப்பெண்ணை அனுப்பி வைக்க இன்னொரு கட்டணம். சான்றிதழுக்கு முத்திரை குத்த இன்னொன்று. மூன்று பேராசிரியர்கள் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். அவர்கள் மூன்று பேரும் மறந்துபோவார்கள். கெடு நெருங்கும்போது அவர்களுக்கு ஞாபகப்படுத்தி, ஆனால் ஞாபகப்படுத்துகிற மாதிரியே தெரியாமல் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதை எழுத மட்டும் தம்பி அரை நாள் எடுத்துக்கொள்வான். விரல் நகம் ஒன்றுகூட மிஞ்சாது.

முதல் வருடம் எல்லாரும் கைவிரித்தார்கள். இரண்டாவது வருடம் ஒரு இடத்தில் காத்திருப்போர் வரிசையில் வைத்திருந்து, கோடை வந்ததும் கைவிரித்தார்கள். மூன்றாவது வருடம் விண்ணப்பக் காலம் தொடங்கியபோது தம்பி ஒன்றுமே சொல்லவில்லை. அக்காதான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "இந்தத் தடவை எத்தனை இடம்? பணம் போட்டு வெச்சிருக்கேன்" என்றாள். பழைய கார் வாங்கச் சேர்த்ததிலிருந்து எடுத்தது அது. தம்பி தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினான்.

"பத்து இடம் போடலாம்க்கா" என்றான்.

"பன்னெண்டாப் போடு" என்றாள் அக்கா.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் சில நாள் அவன் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வந்து பயிற்சிக் காரின் பின் இருக்கையில் உட்காருவான். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டுவான். அவளுக்குப் பாதி புரியாது. ஆனால் எங்கே அவன் குரல் தடுமாறுகிறதோ அங்கே எழுத்தும் சரியில்லை என்று மட்டும் அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

அவனுடைய நீண்ட கட்டுரை வாக்குறுதியைப் பற்றியது. ஒருவன் கொடுத்த வாக்கு, மனம் மாறிவிட்ட பிற்கால அவனை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது கேள்வி.

"அப்ப பழைய ஆளு வாங்கின கடனை புது ஆளு கட்ட வேணாமா? நல்லாருக்கே" என்றாள் அக்கா.

"கட்டணும். ஆனா ஏன் கட்டணும்கிறதுதான் கேள்வி. பயத்துலயா, மரியாதையிலயா, இல்ல அந்தப் பழைய ஆளும் நாந்தான்கிறதாலயா?"

"போலீஸ் வந்துருவான்கிறதால" என்று அவள் சொல்ல, அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டு, "இல்லக்கா, யாருமே வராத எடத்துலயும் நாம கட்டறோம் பாரு. அதத்தான் என்னால விளக்கவே முடியல" என்றான். அப்போது அவன் முகம் நன்றாக இருந்தது. அவளுக்கும் அந்தக் கேள்வி அன்று சாயங்காலம் வரைக்கும் கூடவே வந்தது.

ஆனால் அடுத்து 'நோக்க அறிக்கை' என்று ஒன்றைப் படிப்பான் பாருங்கள், அப்போது அவன் முகம் செத்துப்போகும். தான் யார், எப்பேர்ப்பட்டவன், இந்தத் துறைக்கே தன்னை விட்டால் ஆளில்லை என்று பணிவாகச் சொல்லிக்கொள்கிற தாள் அது. "சிறு வயது முதலே அறம் சார்ந்த கேள்விகள் என்னை ஈர்த்து வந்துள்ளன..." என்று அவன் ஆரம்பித்தான்.

"சின்ன வயசுல நீ என் சைக்கிள்ல காத்தப் புடுங்கி விட்டே. அந்த அறமா?"

அவன் சிரிக்கவில்லை. "பன்னெண்டு இடத்துக்கும் மாத்தி மாத்தி எழுதணும்க்கா. ஒவ்வொருத்தர்கிட்டயும் 'உங்கள விட்டா எனக்கு வேற இடமே இல்ல'ன்னு சொல்லணும்" என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தான்.

அவள் அவனைக் கண்ணாடியில் பார்த்தாள். இளைத்திருந்தான். சட்டைக் கழுத்து தொளதொளவென்று நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இந்த ஒரு வருடம் தள்ளிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டாள். தம்பி என்ன நினைத்தான் என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கேட்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்தானே.

குளிர் முடிகிற நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கின. ஒன்றன்பின் ஒன்றாக வந்ததெல்லாம் மறுப்பு. இந்த ஆண்டு எதிர்பாராத அளவுக்குத் தகுதியான விண்ணப்பங்கள் வந்தன என்று எல்லாரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் மாதிரி எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் தம்பி ஒரு கோப்பைத் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போவான். அவன் ரொம்ப அழுவான் என்று பயந்திருந்த அக்காவுக்கு அவன் அழாதது அதைவிடப் பயமாக இருந்தது. மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறான் என்று எண்ணிக்கொண்டாள்.

அவள் ஒரு பல் டாக்டர் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த நாளில் அந்த போன் வந்தது. அந்த அம்மா ஊரில் பாதிப் பேர் வாய்க்குள் துணிந்து துளை போடுகிறவர். ரவுண்டானா வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். "கண்ணத் தொறங்க டாக்டர், வலிக்காது" என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கையில் அவள் கணவர் மூச்சு வாங்கப் பேசினார்.

"கெடச்சிருச்சு! கேள்விக்குக் கெடச்சிருச்சு! உங்கம்மா கடைக்கே போன் பண்ணிட்டாங்க!"

அக்கா காரை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். கதவைத் திறந்துகொண்டு இறங்கி, நடைபாதையில் நின்று முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். பல் டாக்டரும் இறங்கி வந்து, விஷயம் தெரிந்ததும் அவளைக் கட்டிக்கொண்டார். "தத்துவமா? அடேயப்பா!" என்றார். தத்துவம் என்றால் என்ன என்று இருவருமே அப்போது கவலைப்படவில்லை.

வீட்டுக்குப் போனால் கேக் வாங்கி வெட்டியாகிவிட்டது. அம்மா முழங்காலை மறந்து கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள். கையில் போன். சித்தி, பெரியம்மா, பழைய தையற்கடை முதலாளி, இவர்கள் யாருக்கும் செய்தி தப்பவில்லை. தம்பி மேசையருகே நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சாயம் போன சிரிப்பு. ரொம்பக் களைத்துவிட்டான் என்று அக்கா நினைத்தாள்.

கடிதத்தை முழுதாகப் படித்தது மறுநாள் காலையில். இடம் கொடுத்திருந்தார்கள், இரண்டு வருடப் படிப்பு. உதவித்தொகை இல்லை. கல்விக் கட்டணம், தங்குமிடம், காப்பீடு எல்லாம் அவனே பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே ஒரு தொகை எழுதியிருந்தது. கணவர் அதைப் பார்த்துவிட்டு, தப்பாக ஒரு பூஜ்யம் கூடிவிட்டதோ என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

தம்பி வாயைத் திறந்தான். "அக்கா, இது..."

"நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா. அவன் சொல்லி முடிப்பதற்குள் சொன்னாள். "மூணு வருஷம் நாய் படாத பாடு பட்டது இதுக்காகவா? பேங்க்ல கடன் வாங்கலாம். வீட்டு மேல வாங்கலாம். நீ பொட்டி கட்டற வழியப் பாரு."

தம்பி வாயை மூடிக்கொண்டான். கணவர் அவளையே பார்த்தார். "சரி" என்றார். அந்த 'சரி'க்குள் என்னென்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். டயர் கடைக்குப் பின்னால் இருந்த இடம் இருந்தது. அவர் கடையில் ஓவர்டைம் பார்க்கப்போகிற ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

அன்றிலிருந்து அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. சாலையில் ஒன்றுமே இல்லாதபோது பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்தவன் ஹாரனடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

"டீச்சர், நான் சரியாத்தானே ஓட்டறேன்?" என்றார் பல் டாக்டர், அழாத குறையாக.

"சரியாத்தான் ஓட்டறீங்க. எனக்குத்தான் என்னமோ..."

என்னமோ என்பது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். யாராவது வந்து இதை நிறுத்திவிட மாட்டார்களா என்று இருந்தது. கடிதத்தில் பிழை, ஆள் மாறிவிட்டது, மன்னிக்கவும் என்று ஒரு வரி வந்துவிடாதா என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. சொந்தத் தம்பி மேலே வரும்போது இப்படியா நினைப்பாள் ஒருத்தி? அதனாலேயே இன்னும் வேகமாக ஓடினாள். வரிச் சீட்டு, சம்பளச் சான்று, வீட்டுப் பத்திரம் என்று ஒன்று விடாமல் சேர்த்தாள். தம்பியும் கேட்டதையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு கணம் நிற்பான். என்னடா என்று கேட்டால், "ஒண்ணுமில்லக்கா" என்பான்.

வங்கியில் அவர்களுக்குக் கிடைத்த அதிகாரி ஒரு நடுவயதுப் பெண்மணி. ஜலதோஷம் பிடித்திருந்தது. மேசைமேல் ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. தாள்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் கரெக்டா இருக்கு மேடம். இவ்ளோ சுத்தமா யாரும் கொண்டு வர மாட்டாங்க" என்றார். பிறகு தம்பியிடம் திரும்பினார். "ரெண்டே ரெண்டு கேள்வி சார், சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான். இந்தப் படிப்ப முடிச்சா என்ன வேலை கெடைக்கும்?"

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான். "இத முடிச்சா நேரா வேலை கெடைக்காதுங்க. இதுக்கு மேல ஆராய்ச்சிப் படிப்பு இருக்கு. அதுக்குத் திரும்ப விண்ணப்பம் போடணும்."

"திரும்பவா?"

"ஆமாங்க. இதே மாதிரி. அது அஞ்சாறு வருஷம்."

"அத முடிச்சா?"

"அத முடிச்சவங்கள்ல கொஞ்சம் பேருக்குத்தான் ஆசிரியர் வேலை கெடைக்குது. மத்தவங்க ஊர் ஊராப் போயி ஒரு வருஷ ஒப்பந்தத்துல பாடம் எடுப்பாங்க."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா மேசையைப் பார்த்தாள்.

"சரி, நீங்க நல்லாப் படிக்கிறவரு. உங்களுக்குக் கெடச்சுடும்ல?" என்று அந்த அம்மா பிடித்துக்கொண்டு கரையேற ஒரு வழி காட்டினார். 'கெடைக்கும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முத்திரை விழுந்துவிடும்.

"மூணு வருஷமா என்னை எடுத்தது இந்த ஒரே இடம்தான். அதுவும் உதவித்தொகை எதுவும் தரல. அதனால... கெடைக்கிறதுக்கு வாய்ப்பு கம்மின்னுதான் நெனைக்கிறேன்" என்றான் தம்பி. நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க கடன் கேக்க வந்தீங்களா, குடுக்காதீங்கன்னு சொல்ல வந்தீங்களா?"

அக்காவின் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. அவளுக்கே அது பிறகுதான் தெரிந்தது. அவள் தம்பியின் பக்கம் திரும்பி, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவனை நேருக்கு நேராகப் பார்த்தாள். அவன் கண்ணில் இருந்தது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதல்முறை நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்கள் கண்ணில் அவள் தினமும் பார்க்கிறதுதான்.

"மேடம், ஒரு நிமிஷம் வெளிய போய்ப் பேசிட்டு வந்துடறோம்" என்றாள்.

பயிற்சிக் காரை நிறுத்திய இடத்துக்குப் போனால், ஒரு காய்கறி வேன் குறுக்கே நின்று வழியை அடைத்திருந்தது. ஓட்டுநரைக் காணோம். இருவரும் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். தம்பி இந்த முறை பின்னால் போகவில்லை.

"சொல்லு" என்றாள் அக்கா.

"எனக்குப் போக இஷ்டமில்லக்கா."

"எப்பலேர்ந்து?"

"இந்த வருஷம் விண்ணப்பம் போடறதுக்கு முன்னாலேர்ந்தே."

"முன்னாலேர்ந்தே!" அவள் குரல் காருக்குள் மோதித் திரும்பியது. "பன்னெண்டு இடத்துக்குப் பணம் கட்டினேனேடா! வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"நீ பணம் போட்டு வெச்சிருக்கேன்னு சொன்னியேக்கா. உன் கார்ப் பணம். அதக் குடுத்துட்டு நீ என் மூஞ்சியப் பாக்கறே. அப்ப நான் எப்படி 'வேணாம்'னு சொல்லுவேன்? உனக்காகப் போட்டேன். எங்கயும் கெடைக்காதுன்னு நம்பிக்கையா இருந்தேன். அப்பப் பாத்து கெடச்சுத் தொலைச்சுது."

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்காகவா? நான் கேட்டனா? நான் ஒனக்காகன்னுல்ல ஓடிக்கிட்டிருக்கேன்! நீ ஆசப்பட்டது கெடைக்காமப் போச்சுன்னு நாளைக்கு நீ ஏங்கக் கூடாதேன்னு! அந்த லெட்டர்ல இருந்த தொகையப் பாத்த நாள்லேர்ந்து எனக்கு வயித்துல ஒண்ணும் எறங்கல தெரியுமா? இது எப்படியாவது நின்னு போகாதான்னு இருந்துச்சு. அத நெனச்சு நானே என்னை..."

தம்பி திரும்பிப் பார்த்தான். "நின்னு போகணும்னு நெனச்சியா?"

"நெனச்சேன். போதுமா?"

"அப்ப ஏன் நீ சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று பிறகு இரண்டு பேருமே மற்றவரைக் கைகாட்டினார்கள். அடக்க அடக்கப் பொங்கி வந்தது. அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள், அதில் ஹாரன் அழுந்தி அலறியது. வேன்காரன் எங்கிருந்தோ ஓடிவந்து, "இதோ எடுத்துடறேன், இதோ எடுத்துடறேன்" என்றான். "அவசரமில்லப்பா, மெதுவா எடு" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவன் நம்பாமல் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

பிறகு தம்பி நிதானமாகச் சொன்னான். ஆஸ்பத்திரியில் ஒரு குழு இருக்கிறது. நினைவில்லாமல் கிடக்கிற நோயாளிக்கு இன்னும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா, குடும்பத்தில் ஆளுக்கொன்று சொன்னால் யார் பேச்சைக் கேட்பது, இதையெல்லாம் டாக்டர்களும் நர்ஸ்களும் உட்கார்ந்து பேசுகிற குழு. புகார்ப் பிரிவிலிருந்து குறிப்பெடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று இவனை உட்கார வைத்தார்கள். ஒரு நாள் குறிப்பெடுப்பதை மறந்து இவன் ஒரு கேள்வி கேட்டுவிட்டான். தலைமை நர்ஸ், "நல்ல கேள்வி. நீங்க இனிமே மேசைக்கு இந்தப் பக்கம் உக்காருங்க" என்றாராம். இப்போது அந்தக் குழுவுக்கே முழு நேர ஆளாக வரச் சொல்கிறார்கள்.

"எப்பச் சொன்னாங்க?"

"பதில் வர ஆரம்பிச்ச சமயத்துல."

"அதான் ஒவ்வொரு மறுப்புக்கும் தேநீர் போட்டுக் குடிச்சியா?"

"ஒவ்வொண்ணு வந்தப்பவும் வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சுக்கா. ஆனா சிரிச்சா நீ சங்கடப்படுவியேன்னு..."

அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பலமாகவே வைத்தாள். அந்தப் பணம் போனது போனதுதான் என்ற எண்ணம் ஒரு பக்கம் சுருக்கென்று குத்திக்கொண்டுதான் இருந்தது. "தத்துவத்த விட்டுடுவியா அப்ப?" என்றாள்.

"தத்துவம் புடிக்கும்க்கா. நான் எப்பேர்ப்பட்டவன் பாருங்கன்னு ஊர் ஊரா எழுதறதுதான் புடிக்கல. எழுதி எழுதி, அந்தத் தாள்ல இருக்கறவன் யாருன்னே எனக்குத் தெரியாமப் போச்சு. இங்க யாரும் என்னைப் பத்தி எதுவும் கேக்கறதில்ல. நினைவில்லாமக் கெடக்கற ஒரு அம்மாவுக்கு மூச்சு ட்யூப எடுக்கலாமா வேணாமா, அதப் பத்தி மட்டும்தான் கேக்கறாங்க."

வேன் போய் வழி திறந்திருந்தது. இருந்தாலும் அக்கா உடனே வண்டியை எடுக்கவில்லை. தோள் இரண்டும் எங்கேயோ காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்றிருந்தது, இப்போது தன் இடத்துக்கு இறங்கியது. பசித்தது. அவளுக்கு ஒழுங்காகப் பசித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இருவரும் மறுபடி உள்ளே போய் விஷயத்தைச் சொன்னபோது அதிகாரி, "நல்லதாப் போச்சு சார். குடுத்திருந்தா உங்களப் பத்தி எனக்குத்தான் கவலையா இருந்திருக்கும்" என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒரு தும்மலோடு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கணவரிடம் சொன்னதும் அவர் செய்த முதல் காரியம், கடைக்குப் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்றதுதான். அதற்குப் பிறகுதான் மைத்துனனிடம் வந்து, "வருத்தமா இருக்கா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருக்கு அத்தான். அந்த நூலகத்தப் பாத்திருக்கலாம்னு தோணுது. மத்தபடி இல்ல" என்றான் தம்பி. மேசைமேல் இருந்ததையெல்லாம் அட்டைப்பெட்டிகளில் அடுக்கினான். அன்றைக்கு நாலு பேரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யாருக்கும் முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. "ஊரெல்லாம் சொல்லிட்டேனேடா. இனிமே நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போன எடுப்பேன்?" என்று அழுதாள். பையன் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று ஒரு பட்டம் வரும் என்று அவள் கட்டியிருந்த கோட்டை அது. ஆஸ்பத்திரியில்தானே இருக்கப்போகிறேன், சுற்றிலும் டாக்டர்கள்தான் என்று தம்பி சமாதானம் சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை.

மூன்றாம் நாள் பெரியம்மா போன் செய்தாள். எடுக்காமல் விட்டால் மறுபடி மறுபடி அடிக்கிறவள் பெரியம்மா. வேறு வழியில்லாமல் அம்மா எடுத்தாள். கூடத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அக்காவும் தம்பியும் அப்படியே நின்றார்கள். அக்காவுக்கு டயர் கடைக்காரரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. தம்பி புது வேலைக்கான தாளில் கையெழுத்துப் போடப் போகிறவன்.

"எப்பக் கெளம்பறான்?" என்று பெரியம்மா கேட்டது வெளியே கேட்டது.

அம்மா மூக்கை உறிஞ்சினாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அத ஏன் கேக்கறே போ. அவ்ளோ பெரிய எடத்துலேர்ந்து வா வான்னு கூப்பிட்டாங்க. எம்புள்ளதான் வேணாம்னுட்டான்!"

அந்தப் பக்கத்தில் பெரியம்மா வாயடைத்துப்போனது இங்கேவரை தெரிந்தது. அம்மாவுக்கு அந்த வார்த்தை ருசித்துவிட்டது. இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"ஆமா, வேணாம்னுட்டான்! இங்க ஆஸ்பத்திரியில இவன் இல்லாம அவங்களால ஒரு முடிவும் எடுக்க முடியலயாம்!"

"அம்மா, அப்படியெல்லாம் இல்லம்மா!" என்று தம்பி பதறினான். "அவங்க காசு தரலன்னும் சொல்லும்மா!"

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு அவனை முறைத்தாள். "நீ போ, நேரமாச்சு" என்றாள். அக்கா தம்பியின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். படியிறங்கும்போது மேலேயிருந்து அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியம்மாவின் போனை வைத்துவிட்டு அவள் சித்திக்குப் போன் போட்டிருந்தாள்.